சத்துவாச்சாரி வார இறுதி கிராமர் வகுப்பு: டிட்டர்மினர் பகுதி எப்படி இருக்கிறது?

வேலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. காட்பாடியிலிருந்து பாகாயம் வரை மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது. ஆனால் டிட்டர்மினருக்கென்றே, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'தி', 'மை' போன்ற சொற்களுக்கென்றே, தனியாக எட்டு வகுப்பு ஒதுக்குகிற இடம் அபூர்வம். பெரும்பாலான இடங்களில் 'ஏ, ஆன், தி' என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு டென்ஸுக்குத் தாவிவிடுவார்கள். சத்துவாச்சாரியில் நடக்கும் ஒரு வார இறுதி வகுப்பு அப்படிச் செய்யவில்லை. குறைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை விட்டுவிட்டு, பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம். எட்டு வகுப்பு, பன்னிரண்டு ஜெராக்ஸ் தாள், கட்டணம் 1,600 ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுகளான ஓஇடி, ஐஈஎல்டிஎஸ் எழுதப்போகும் நர்ஸுகள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து லெதர், ஷூ கம்பெனி ஆபீஸ்களில் வெளிநாட்டு பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். மீதி கல்லூரி மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும்.

முதல் வகுப்பு இந்தப் பாடத்திலேயே சிறந்தது. பாடம் நடத்தும் மேடம் டிட்டர்மினரிலிருந்து தொடங்குவதில்லை, நவுனிலிருந்து (பெயர்ச்சொல்) தொடங்குகிறார். நவுனுக்கு முன்னால் நின்று எது, யாருடையது, எவ்வளவு என்று காட்டுகிற சொல்லெல்லாம் டிட்டர்மினர்தான்: ஏ, ஆன், தி, திஸ், தட், மை, யுவர், சம், எனி, ஈச், எவ்ரி, மெனி, மச் என்று பட்டியல் நீளும். பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒரு நவுனைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறார். எண்ணக்கூடியதா? எண்ணக்கூடியது என்றால் ஒன்றா, பலவா? எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமா? இதே வரிசையில்தான் கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பதில் 'எண்ணலாம், ஒன்று' என்று வந்துவிட்டால் அந்த நவுன் ஆங்கிலத்தில் வெறுமனே நிற்கக் கூடாது. முன்னால் ஏதாவது ஒரு டிட்டர்மினர் வந்தே ஆக வேண்டும். 'ஷி இஸ் நர்ஸ்', 'ஐ ஹேவ் பைக்', 'பாய் கேம் டு மை ஹவுஸ்' என்று நம்மவர்கள் எழுதும் வாக்கியங்களில் முதல் பிழை இதுதான்.

போர்டில் ஒரு மாணவர் 'பாய் கேம் டு மை ஹவுஸ்' என்று எழுதினால் மேடம் உடனே திருத்துவதில்லை. "எந்தப் பையன்னு கேக்கறவங்களுக்குத் தெரியுமாப்பா?" என்கிறார். "தெரியாது மேடம்" என்றால் 'ஏ பாய்'. "நேத்து சொன்னேனே, அந்தப் பையன்" என்றால் 'தி பாய்'. பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனைச் சொல்கிறார் என்றால் 'மை பாய்'. ஒரே வாக்கியத்துக்கு மூன்று சரியான பதில். எது பொருந்தும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. இதைப் புரியவைப்பதற்கே கட்டணத்தில் பாதி சரியாகிவிடுகிறது.

அடுத்த நல்ல விஷயம், தமிழை எடுத்துக்காட்டாக வைத்துப் பாடம் நடத்துவது. தமிழில் ஆர்ட்டிகிள் (ஏ, ஆன், தி) கிடையாது என்று பல புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் 'தி' செய்யும் வேலையில் ஒரு பகுதியை நம்மிடம் இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' செய்கிறது. 'மருந்து வாங்கினேன்', 'மருந்தை வாங்கினேன்' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ மருந்து. இரண்டாவது டாக்டர் எழுதிக்கொடுத்த, நமக்கு முன்பே தெரிந்த மருந்து. 'புத்தகம் எடுத்தான்' என்பதற்கும் 'புத்தகத்தை எடுத்தான்' என்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயரில் 'ஐ' ஒட்டினால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'தி' வரும். ஒட்டாவிட்டால் 'ஏ' அல்லது வெறும் பன்மை. நம் ஆட்களுக்கு இந்தச் சோதனை சட்டென்று பிடிபடுகிறது, ஏனென்றால் அந்த உணர்வு ஏற்கெனவே நமக்குள் இருக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. உயர்திணையில் 'ஐ' எப்படியும் வரும். 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்றால் அது 'ஏ டாக்டர்'தான். இதை வகுப்பில் சொல்கிறார்கள். இன்னொரு எல்லையைத் தாளிலும் காணோம், வாய்மொழியாகவும் சொல்வதில்லை: எழுவாயில் இந்தச் சோதனை கை கொடுக்காது. 'பஸ் வந்துடுச்சு' என்பதில் உருபே இல்லை, ஆனால் நாம் காத்திருந்த பஸ் என்பதால் ஆங்கிலத்தில் 'தி பஸ்'. எழுவாய் என்றால் மூன்றாவது கேள்விக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அந்த மூன்றாவது கேள்வியும் சில இடங்களில் வழிதவறச் செய்யும். 'ஐ வென்ட் டு தி பேங்க்', 'ஷி இஸ் அட் தி மார்க்கெட்' என்று சொல்லும்போது எந்த பேங்க், எந்த மார்க்கெட் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றாடம் போய்வரும் பேங்க், போஸ்ட் ஆபீஸ், மார்க்கெட், டாக்டர் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'தி' வழக்கமாகிவிட்டது. வகுப்பில் ஒருவர் இதைக் கேட்டபோது "அது எக்செப்ஷன்" என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். எக்செப்ஷன் என்றே தள்ளாமல், இடத்தைவிட அங்கே போய்ச் செய்யும் வேலைதான் பேச்சின் மையம் என்று சொல்லியிருந்தால் நினைவில் நின்றிருக்கும்.

இரண்டாவது வகுப்பு கவுண்டபிள் (எண்ணக்கூடியவை), அன்கவுண்டபிள் (எண்ண முடியாதவை). இதற்கும் தமிழிலேயே சோதனை இருக்கிறது: 'எத்தனை' என்று கேட்க முடிந்தால் மெனி, 'எவ்வளவு' என்று கேட்டால் மச். எத்தனை இட்லி, எவ்வளவு சாம்பார். நம் பக்கத்துப் பேச்சில் 'எத்தினி', 'எவ்ளோ' என்றாலும் கணக்கு அதேதான், ஆட்களைப் பற்றிப் பேசும்போது 'எவ்ளோ பேர்' என்று கலந்துவிடுவது மட்டும் விலக்கு. பத்துக்கு எட்டுச் சொற்களில் சோதனை வேலை செய்யும், மீதி இரண்டில் காலை வாரிவிடும். தமிழில் 'இரண்டு தகவல்', 'மூன்று அறிவுரை', 'நாலு சாமான்' என்று தாராளமாக எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், நியூஸ் எதையும் எண்ண முடியாது. 'ஆன் இன்ஃபர்மேஷன்' என்பதும் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்பதும் தப்பு. 'சம் இன்ஃபர்மேஷன்' அல்லது 'ஏ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்' என்றே எழுத வேண்டும். இந்தப் பட்டியலைத் தனித் தாளாகப் பெரிய எழுத்தில் தருகிறார்கள். பன்னிரண்டு தாளில் சுவரில் ஒட்டிவைக்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

லெதர் கம்பெனி ஆட்களுக்கு இந்தப் பாடம் நேரடியாகவே பயன்படும். லெதர் எண்ண முடியாதது; ஹைடும் ஸ்கின்னும் (ஒரு விலங்கின் முழுத் தோல்) எண்ணக்கூடியவை. 'வி ஹேவ் சென்ட் டென் லெதர்ஸ்' என்று மெயில் போனால் பையர் பத்து வகையா, பத்துத் துண்டா என்று குழம்புவார். 'டென் ஹைட்ஸ்' என்றாலோ 'டென் பீஸஸ் ஆஃப் லெதர்' என்றாலோ சந்தேகமே வராது. சாம்பிளிலும் அப்படித்தான். 'வி ஹேவ் சென்ட் சாம்பிள்ஸ்' என்றால் ஏதோ சாம்பிள்கள் போயிருக்கின்றன. 'தி சாம்பிள்ஸ்' என்றால் நீங்கள் கேட்ட அதே சாம்பிள்கள். பணம் புரளும் இடத்தில் அந்த ஒரு சொல் வேண்டும்.

'ஏ', 'ஆன்' பகுதியில் தாளுக்கும் வகுப்புக்கும் முரண்பாடு. தாளில் 'வவல் எழுத்துக்கு (உயிரெழுத்து) முன் ஆன்' என்று அச்சாகியிருக்கிறது. வகுப்பில் மேடம் 'எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள்' என்கிறார். மேடம் சொல்வதுதான் சரி. யுனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் எல்லாம் 'யூ' ஒலியில் தொடங்குவதால் 'ஏ'. 'அவர்' (மணி நேரம்), 'ஹானஸ்ட்' இரண்டிலும் முதல் எழுத்தான 'எச்' ஒலிக்காததால் 'ஆன்'. 'ஒன் ருப்பீ காயின்' எழுத்தில் வவலாகத் தெரிந்தாலும் ஒலி 'வ' என்பதால் 'ஏ'. சுருக்கப் பெயரில் முதல் எழுத்தை எப்படி உச்சரிக்கிறோம் என்று பாருங்கள்: ஆன் எம்எல்ஏ, ஆன் எஸ்ஐ, ஆன் ஆர்டிஓ, ஆன் எக்ஸ்ரே, ஏ விஐடி ஸ்டூடண்ட், ஏ சிஎம்சி நர்ஸ், ஏ யுபிஎஸ்சி எக்ஸாம். தனியாக உச்சரிக்கும்போது 'ஆன்' கேட்கும் எழுத்துகள் மொத்தம் பன்னிரண்டு: ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ்.

இங்கே நம் நாக்கு ஒரு சிக்கல் பண்ணும். பேச்சுத்தமிழில் சொல் முதலில் வரும் 'எ'கரத்துக்கு முன்னால் மெல்லிய 'ய' ஒட்டிக்கொள்கிறது. 'யெம்எல்ஏ', 'யெக்ஸ்ரே' என்று சொல்லிப் பழகியவருக்குக் காது 'ஏ' போடச் சொல்லும். 'எச்' எழுத்தை 'ஹெச்' என்று சொல்கிறவர் 'ஏ ஹெச்ஆர் மேனேஜர்' என்றுதான் எழுதுவார். ஒலியைக் கேள் என்ற விதியைச் சரியாகப் பின்பற்றியே தப்பு நடக்கிறது. விதியோடு உச்சரிப்பையும் சேர்த்துத் திருத்தினால்தான் இது சரியாகும். இதற்குப் பத்து நிமிடம் செலவழித்தாலே போதும். வகுப்பில் ஒதுக்குவதில்லை.

ஊர்ப்பெயர்கள் பற்றிய நான்காம் தாள் மோசம். 'இடப்பெயருக்கு ஆர்ட்டிகிள் வராது' என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே விதிவிலக்குகளை அகரவரிசையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். காரணத்தோடு சொன்னால் மனப்பாடமே வேண்டாம். ஆற்றுக்கு 'தி' உண்டு: தி பாலார். பன்மையில் சொல்லும் மலைத்தொடருக்கு உண்டு: தி ஜவ்வாது ஹில்ஸ். ஒற்றைச் சிகரத்துக்கு இல்லை. ஊர்ப்பெயரோடு கட்டடத்தின் வகையைச் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் இல்லை: வேலூர் ஃபோர்ட், காட்பாடி ஜங்ஷன். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு 'கோட்டை' என்று மட்டும் சொன்னால் உண்டு: தி ஃபோர்ட். அடைமொழியால் அமைந்த பெயருக்கு உண்டு: ஸ்ரீபுரத்தில் இருப்பது தி கோல்டன் டெம்பிள். நடுவில் 'ஆஃப்' வந்தால் உண்டு: மெட்ராஸ் யுனிவர்சிட்டி என்றால் வேண்டாம், தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ் என்றால் வேண்டும். வரலாற்று நிகழ்வுக்கும் உண்டு. 1806இல் கோட்டைக்குள் நடந்த சிப்பாய்ப் புரட்சியை எழுதும்போது 'தி வேலூர் மியூட்டினி' என்றே வரும். இந்த வரிகளை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸுகளுக்காக நடத்தும் ஐந்தாம் வகுப்பு மிக நன்றாக இருக்கிறது. ஓஇடி ரைட்டிங்கில் கேஸ் நோட்ஸை (நோயாளியைப் பற்றிய சுருக்கக் குறிப்புகள்) கொடுத்து, அதிலிருந்து 180 முதல் 200 சொல் அளவில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். கேஸ் நோட்ஸில் டிட்டர்மினரே இருக்காது. வார்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கடிதத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும். வகுப்பில் தரும் பயிற்சியின் பாணி இது. குறிப்பு: 'பேஷண்ட் அட்மிட்டட், வூண்ட் ஆன் லெஃப்ட் ஃபுட். ஹிஸ்டரி ஆஃப் டயாபட்டிஸ். எக்ஸ்ரே டன். வூண்ட் க்ளீன்ட்.' கடிதம்: 'தி பேஷண்ட் வாஸ் அட்மிட்டட் வித் ஏ வூண்ட் ஆன் ஹிஸ் லெஃப்ட் ஃபுட். ஹி ஹேஸ் ஏ ஹிஸ்டரி ஆஃப் டயாபட்டிஸ். ஆன் எக்ஸ்ரே வாஸ் டன் அண்ட் தி வூண்ட் வாஸ் க்ளீன்ட்.'

இரண்டு வரிக்குள் எத்தனை முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். காயம் முதல்முறை வரும்போது 'ஏ', மறுமுறை 'தி'. ஒருவரின் கால் என்பதால் 'ஹிஸ்'; தமிழில் 'இடது காலில்' என்றாலே போதும் என்பதால் நம்மவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். டயாபட்டிஸுக்கு முன்னால் எதுவும் வராது, நோயின் பெயர்கள் பெரும்பாலும் வெறுமனே நிற்கும். ஆனால் ஹெடேக், கோல்டு, காஃப் போன்ற சில்லறை உபாதைகளுக்கு 'ஏ' வேண்டும். எக்ஸ்ரே ஒன்று என்பதால் 'ஆன்'. மாணவர்கள் தாங்களே எழுதியதை மேடம் ஒவ்வொரு நவுனாக வட்டமிட்டுத் திருத்தித் தருகிறார். கூட்டம் அதிகமான பேட்சிலும் இதைக் குறைப்பதில்லை என்பது பாராட்டத்தக்கது.

'ஹாஸ்பிட்டல்' பற்றியும் இங்கேதான் வருகிறது. நோயாளியாகச் சேர்ந்தால் பிரிட்டிஷ் வழக்கில் 'இன் ஹாஸ்பிட்டல்', பார்க்கப் போனவர் 'அட் தி ஹாஸ்பிட்டல்'. அமெரிக்க வழக்கில் நோயாளிக்கும் 'இன் தி ஹாஸ்பிட்டல்'தான். இரண்டும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஸ்கூல், காலேஜ், பெட் ஆகியவற்றிலும் படிக்கவோ தூங்கவோ போனால் ஆர்ட்டிகிள் கிடையாது.

ஆறாம் வகுப்பில்தான் அவசரம் தெரிகிறது. ஃபியூ, ஏ ஃபியூ, லிட்டில், ஏ லிட்டில், சம், எனி, ஈச், எவ்ரி, போத், ஐதர், நைதர் எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரத்தில் அடைத்துவிடுகிறார்கள். இரண்டு வகுப்பாவது வேண்டும். 'ஏ ஃபியூ', 'ஃபியூ' வித்தியாசத்தை 'பாசிட்டிவ், நெகட்டிவ்' என்று சொல்லித்தருவது பலருக்கு எட்டவில்லை. தமிழில் அழகான வழி இருக்கிறது. 'சிலர் வந்தனர்' என்றால் ஏ ஃபியூ. 'சிலரே வந்தனர்' என்றால் ஃபியூ. அந்த ஏகாரம் சொல்லும் குறைவுதான் ஆங்கில 'ஏ' இல்லாத ஃபியூ. 'கொஞ்சம் பணம் இருக்கு' என்றால் ஏ லிட்டில், 'கொஞ்சமே இருக்கு' என்றால் லிட்டில். முதல் வகுப்பில் உருபை வைத்து அவ்வளவு அருமையாக நடத்தியவர்கள் இங்கே ஏகாரத்தைக் கைவிட்டது பெரிய இழப்பு.

'ஒவ்வொரு' என்ற ஒரே சொல்லை ஈச், எவ்ரி இரண்டுக்கும் போடுவதால் வரும் குழப்பத்தையும் தாள் தீர்க்கவில்லை. இரண்டே பேர் என்றால் ஈச் மட்டும்தான் வரும். 'ஈச் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்' சரி, 'எவ்ரி ஆஃப்' என்று வரவே வராது, 'எவ்ரி ஒன் ஆஃப்' என்றாக வேண்டும். இரண்டுக்கும் வினைச்சொல் ஒருமையில். சம், எனி பற்றிச் சொல்லும் 'பாசிட்டிவுக்கு சம், கேள்விக்கு எனி' என்ற விதியும் அரைகுறை. 'வுட் யூ லைக் சம் டீ?' கேள்விதான், ஆனால் உபசரிப்பு என்பதால் சம். 'யூ கேன் டேக் எனி பஸ் டு காட்பாடி' பாசிட்டிவ்தான், ஆனால் 'எதுவானாலும் சரி' என்ற பொருளில் எனி.

ஏழாம் வகுப்பு, ஒரு நவுனுக்கு முன் இரண்டு டிட்டர்மினர் சேர்ப்பது பற்றி. தமிழில் 'என்னுடைய அந்தப் புத்தகம்' என்று இயல்பாகச் சொல்கிறோம். அதனால் 'மை தட் புக்', 'மை ஒன் ஃப்ரெண்ட்' என்று எழுதுகிறோம். ஏ, தி, திஸ், மை எல்லாம் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுபவை; அதில் ஒன்றுதான் உட்கார முடியும். மற்றதை 'தட் புக் ஆஃப் மைன்', 'ஏ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்று பின்னால் தள்ள வேண்டும். ஆல், போத், ஹாஃப் மூன்றும் அதற்கு முன்னால் வரலாம், எண்ணும் ஃபியூவும் பின்னால் வரலாம்: 'ஆல் மை ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்'. தெளிவாக நடத்துகிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய குறை பயிற்சித் தாள்களில் இருக்கிறது. கோடிட்ட இடத்தில் தனித்தனி வாக்கியங்களாகத் தருகிறார்கள். 'டேஷ் ஸ்டூடண்ட் கேம் டு சீ யூ' என்ற கேள்விக்கு ஆன்சர் கீயில் 'ஏ'. 'தி' போட்டாலும் சரிதான், முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாமல் முடிவு செய்யவே முடியாது. மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பழக்கிய வகுப்பே, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வாக்கியத்தைக் கொடுத்து மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. எதுவும் வேண்டாத இடத்தையும் வெறும் கோடாகவே விட்டிருக்கிறார்கள். 'ஒன்றும் வராது' என்பதும் ஒரு பதில் என்று தாளின் தலையில் எழுதாததால் எல்லாக் கோட்டையும் நிரப்பிவிடுகிறார்கள் மாணவர்கள். 'லைஃப் இஸ் ஷார்ட்' என்பது 'தி லைஃப்' ஆகிவிடுகிறது. நான்கைந்து வரிகள் கொண்ட பத்தியாகக் கொடுத்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

கூடவே ஒரு லேர்னர் டிக்ஷனரி வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் மூன்றும் போனில் இலவசமாகவே பார்க்கலாம். ஒவ்வொரு நவுனும் கவுண்டபிளா, அன்கவுண்டபிளா என்று குறித்திருப்பார்கள். சாதாரண இங்கிலீஷ்-தமிழ் அகராதிகளில் பெரும்பாலும் இந்தக் குறிப்பு கிடைக்காது. ஒரே சொல்லுக்குப் பொருளைப் பொறுத்து இரண்டும் வரும் என்பதையும் கவனியுங்கள்: தலைமுடி மொத்தமாக என்றால் 'ஹேர்' எண்ண முடியாது, சாப்பாட்டில் கிடந்த ஒரு முடி என்றால் 'ஏ ஹேர்'.

ஓஇடி எழுதுகிறவர்களும் மெயில் எழுதுவது வேலையாக உள்ளவர்களும் தயங்காமல் சேரலாம். போட்டித் தேர்வுக்காரர்களுக்கு முதல் மூன்று வகுப்பும் ஏழாவதும் போதும். தனி வகுப்புக் கட்டணம் உண்டா என்று ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேகம் ஒத்துவராது. சேரும்போது ஆறாம் தாளைப் புதிய பிரதியாகக் கேட்டு வாங்குங்கள், பழைய ஜெராக்ஸில் கடைசி இரண்டு ஆன்சரும் இடம் மாறிக் கிடக்கின்றன.